லாசன் எரிமலைப் பூங்காவுக்கு வயதான பெற்றோரோடு போகலாமா? வெந்நீர் ஊற்றில் குளிக்க விடுவார்களா?

வழிப்போக்கன்:

வணக்கம் நண்பர்களே. நாங்கள் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் ஃப்ரீமாண்டில் இருக்கிறோம். ஆகஸ்டில் அப்பா அம்மா வருகிறார்கள். யோசெமிட்டியைப் போன முறையே பார்த்துவிட்டார்கள் என்பதால், இந்த முறை கலிஃபோர்னியாவின் வடகிழக்கில் இருக்கும் லாசன் எரிமலைப் பூங்காவுக்கு அழைத்துப் போக நினைக்கிறேன். அப்பா புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கரும்பலகையில் எத்தனையோ எரிமலை வரைந்திருப்பார், நேரில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அவருக்காகத்தான் இந்தப் பயணம்.

அங்கே வெந்நீர் ஊற்றுகளும் உண்டு என்று அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. "அந்தத் தண்ணீரில் கொஞ்ச நேரம் காலை வைத்தால் இதமாக இருக்குமே" என்று இப்போதே ஆசையோடு இருக்கிறார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் சாப்பிடுகிறார். பாதை 8,500 அடி உயரம் வரை ஏறுகிறது என்று படித்ததும் கொஞ்சம் தயக்கமாகிவிட்டது.

ஊற்றில் இறங்க அனுமதி உண்டா? முழங்கால் வலியோடு நடக்கிற அளவுக்குப் பாதைகள் இருக்கின்றனவா? மகனுக்கு ஆறு வயது, கையை விட்டால் ஓடுகிற பையன். போய்வந்தவர்கள் விவரமாகச் சொன்னால் நல்லது.

மலைச்சாரல்:

வணக்கம் சகோ. நான் ரெட்டிங்கில் இருக்கிறேன். பனி உருகி சாலை திறந்தால் எங்கள் வீட்டில் வாரக்கடைசி என்றாலே லாசன்தான். அம்மாவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், உங்கள் திட்டத்தில் மாற வேண்டியது அந்த ஒன்றுதான்.

லாசனின் ஊற்றுகளில் இறங்கக்கூடாது. கால் வைக்கக்கூடாது, விரல் நனைத்துப் பார்க்கவும் கூடாது. பூங்காவின் சட்டமே அப்படித்தான். ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், பல குளங்கள் அந்தச் சூட்டில்தான் இருக்கின்றன. அதோடு அது வெறும் சுடுதண்ணீரும் இல்லை. கீழிருந்து நீராவியோடு ஹைட்ரஜன் சல்பைடு வாயு வருகிறது. கூமுட்டை நாற்றம் என்போமே, அதுதான். அந்த வாயு மேலே வந்து காற்றோடு சேர்ந்து கந்தக அமிலமாகிறது. கறுப்பும் சிவப்புமாக இருந்த எரிமலைப் பாறையை அந்த அமிலம்தான் அரித்து அரித்து வெள்ளையும் மஞ்சளுமான களிமண்ணாக்கி வைத்திருக்கிறது. பாறைக்கே அந்தக் கதி என்றால் காலுக்கு என்ன ஆகும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

குளத்தை விடவும் எனக்குப் பயம் தருவது அதன் கரைதான். பார்க்க நல்ல கெட்டித் தரையாகத் தெரியும். சில இடங்களில் அது கொதிக்கும் சேற்றின் மேல் படிந்த மெல்லிய ஓடு. 1860களில் கெண்டல் பம்பஸ் என்பவர் இந்தப் பகுதியில் சுற்றியலைந்து இந்த இடத்தைக் கண்டுபிடித்தார். அந்த ஓடு உடைந்து கால் உள்ளே போய் வெந்துவிட்டது. கடைசியில் அந்தக் காலையே இழந்தார். இடத்தை நன்றாக அறிந்த மனிதருக்கே அப்படி. பூங்காவிலேயே பெரிய வெந்நீர்ப் பகுதியான பம்பஸ் ஹெல் அவர் பெயரில்தான் இருக்கிறது.

அதனால் மகனைப் பற்றி ஒரே வார்த்தை: அங்கே போட்டிருக்கும் மரப்பலகைப் பாதையில் ஏறினது முதல் இறங்குவது வரை அவன் கை ஒரு பெரியவர் கையில் இருக்கட்டும். அந்தப் பொறுப்பை அப்பாவிடம் விடாதீர்கள். அவர் கவனமெல்லாம் தரையில் இருக்கும், அதற்காகத்தானே வருகிறார்.

இனி அப்பாவுக்கு. அவருக்கு லாசனை விட நல்ல இடம் இந்த மாநிலத்தில் இல்லை என்பது என் எண்ணம். கேடய எரிமலை, கூட்டு எரிமலை, சாம்பல் கூம்பு, எரிமலைக் குவிமாடம் என்று அவர் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கக்கூடிய நாலு வகையும் ஒரே பூங்காவுக்குள் இருக்கின்றன. 10,457 அடி உயரமுள்ள லாசன் சிகரம் குவிமாட வகை. எரிமலைக் குழம்பு கூழாக இருந்ததால் வழிந்தோடாமல் வாயிலேயே குவிந்து இறுகியது. அந்த வகையில் உலகத்தின் மிகப் பெரியவற்றில் ஒன்று அது.

1914 மே 30 அன்று அந்தச் சிகரம் விழித்துக்கொண்டது. ஒரு வருடமாக அவ்வப்போது நீராவியும் சாம்பலும் கக்கியபிறகு, 1915 மே 19 இரவு சூடான குழம்புப் பாறைகள் பனியில் சரிந்து, பனி உருகி, சேற்று வெள்ளம் பள்ளத்தாக்கில் இறங்கியது. மே 22 பெருவெடிப்பில் சாம்பல் புகை 30,000 அடி வரை எழுந்தது. 200 மைல் கிழக்கே நெவாடாவில் இருக்கும் வின்னமக்கா வரை சாம்பல் விழுந்திருக்கிறது. அடுத்த ஆண்டே, 1916 ஆகஸ்டில், தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.

அந்த வெள்ளம் போன வழி இன்று டெவஸ்டேட்டட் ஏரியா (நாசமான பகுதி) என்ற சின்ன வட்டப்பாதை. சமதரை, சக்கர நாற்காலியே போகும். வீட்டளவு பாறைகள் கிடக்கின்றன. லூமிஸ் என்ற உள்ளூர்க்காரர் 1914 முதலே வெடிப்புகளைப் படமெடுத்தவர். இங்கே கிடந்த பாறைகளையும் வெள்ளம் ஓய்ந்த நாட்களில் படமெடுத்தார், அப்போதும் சில பாறைகள் சூடாறவில்லை. அவர் கட்டிய கட்டடம் மான்சனிட்டா ஏரி பக்கத்தில் லூமிஸ் அருங்காட்சியகமாக இருக்கிறது. முதலில் அங்கே படங்களைப் பார்த்துவிட்டு, பிறகு அந்தப் பாறைகளுக்கு நடுவே அப்பாவை நிற்கவையுங்கள். இந்த வரிசை முக்கியம். மாற்றிச் செய்தால் பாறை வெறும் பாறையாகத் தெரியும்.

அம்மாவுக்கு நடக்காமலே பார்க்க சல்ஃபர் வொர்க்ஸ் இருக்கிறது. தென்மேற்கு வாசலிலிருந்து ஒரு மைல்தான். சாலையோரத்திலேயே, நடைபாதையை ஒட்டி, சாம்பல் நிறச் சேறு பொளக் பொளக்கென்று கொதித்துக்கொண்டிருக்கும். காரை நிறுத்திவிட்டுச் சில அடி நடந்தால் போதும். ஒரு காலத்தில் 11,000 அடி உயரம் இருந்து, பிறகு பனியாறுகளும் அமிலமும் அரித்துத் தின்றுவிட்ட ஒரு பழைய எரிமலையின் நடுப்பகுதி அது. இன்று எதிரே தெரியும் ப்ரோக்காஃப் மலை அதில் மிஞ்சிய ஒரு விளிம்பு. அப்பா அங்கே நின்று சுற்றியுள்ள சிகரங்களை மனதுக்குள் இணைத்துப் பார்த்தால் பழைய மலையின் முழு அளவும் பிடிபடும்.

பம்பஸ் ஹெல் போக, வர மூன்று மைல். பாதை அகலமாக, பெரும்பாலும் மெதுவான ஏற்றமாக இருக்கும், கடைசியில் ஓர் இறக்கம். திரும்பும்போது அந்த இறக்கமே ஏற்றமாகிவிடும், அங்கேதான் முழங்கால்காரர்கள் சிரமப்படுகிறார்கள். அம்மா முழுவதும் இறங்க வேண்டியதில்லை. இறக்கம் தொடங்கும் இடத்திலிருந்தே பள்ளம் முழுவதும், மரப்பாதையும் நீலப் பச்சைக் குளங்களும் எழும் ஆவியும் தெரியும். அங்கே உட்கார்ந்து பார்த்தாலே பாதி பம்பஸ் ஹெல் பார்த்தாயிற்று. மீதிப் பாதி சத்தம். பிக் பாய்லர் என்ற நீராவித் துளையின் இரைச்சலைப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். அந்த ஆவியை 161 டிகிரி செல்சியஸ் வரை அளந்திருக்கிறார்கள். அங்கே சில குளங்களின் மேல் கறுப்பாக ஓர் ஆடை மிதக்கும். அழுக்கு என்று நினைக்கவேண்டாம், அவை இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமத்தின் துகள்கள்.

கடலோரக்காரன்:

ஊற்றில் காலை நனைத்தே தீரவேண்டும் என்றால் யெல்லோஸ்டோனுக்குப் போங்களேன்? அங்கே சூடான ஆற்றில் மக்கள் குளிக்கும் படங்களைப் பார்த்திருக்கிறேன். லாசன் அதோடு ஒப்பிட்டால் சின்ன இடம்.

மலைச்சாரல்:

யெல்லோஸ்டோனிலும் ஊற்றுகளில் இறங்கத் தடைதான். நீங்கள் பார்த்தது பாய்லிங் ரிவர் அல்லது ஃபயர்ஹோல் ஆற்றில் நீந்தும் பகுதியாக இருக்கும். பாய்லிங் ரிவர் 2022 வெள்ளத்தில் சிதைந்து மூடப்பட்டது. ஃப்ரீமாண்டிலிருந்து அது ஒரு நாள் ஓட்டத்துக்கும் மேல், முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் காரில் உட்காரச் சொல்ல எனக்கு மனம் வராது.

சின்ன இடம் என்பது உண்மைதான். அதுவே எனக்குப் பிடித்த காரணமும். குறுக்கே போகும் சாலை 30 மைல் போலத்தான். காலையில் ஒரு வாசலில் நுழைந்து சாயங்காலம் மறு வாசலில் வெளியேறினால், தண்ணீர் எப்படிச் சூடாகிறது என்ற கதை முழுவதையும் கண்ணால் பார்த்துவிடலாம். மேலே ஹெலன் ஏரிப் பக்கம் வருடாவருடம் ஏராளமான பனி கொட்டுகிறது. அது உருகி மண்ணுக்குள் இறங்குகிறது. ஆழத்தில் இன்னும் ஆறாத பாறை அதைச் சூடாக்குகிறது. ஆவியாகி வெடிப்புகள் வழியே ஏறி, பம்பஸ் ஹெல்லிலும் சல்ஃபர் வொர்க்ஸிலும் வெளியே வருகிறது. அதனால்தான் முன்கோடையில், தண்ணீர் அதிகம் இருக்கும்போது, சேற்றுக்குழிகள் நீர்த்துக் குதிக்கின்றன. செப்டம்பருக்குள் அதே குழி கெட்டியாகி சோம்பலாகக் கொப்புளம் விடுகிறது. ஆகஸ்டில் போனால் இடைப்பட்ட பக்குவம், அதுதான் பார்க்க நல்லது.

தேன்சிட்டு:

உயரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று வந்தேன். நான் செவிலியர். என் மாமியாரையும் இதே பூங்காவுக்கு அழைத்துப் போயிருக்கிறோம், அவருக்கும் ரத்த அழுத்தம் உண்டு.

சாலையின் உச்சி 8,512 அடி. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குதான். ஃப்ரீமாண்டில் காலை இட்லி சாப்பிட்டுவிட்டு மதியம் நேராக அங்கே போய் நடக்கத் தொடங்கினால் வயது குறைந்தவர்களுக்கே மூச்சு வாங்கும், தலை வலிக்கும். அதனால் முதல் நாள் இரவை நடுவாந்திர உயரத்தில் கழியுங்கள். செஸ்டர் ஊர் 4,500 அடியில் இருக்கிறது. மான்சனிட்டா ஏரி 5,900 அடியில், அங்கே முகாமிடமும் சின்ன மரவீடுகளும் உண்டு. ஓர் இரவு தூங்கி எழுந்தால் உடம்பு ஓரளவு பழகிக்கொள்ளும்.

கிளம்புவதற்கு முன் அம்மாவின் மருத்துவரிடம் இந்த உயரத்தைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். குறிப்பாகச் சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரை எடுக்கிறாரா என்று பாருங்கள். மலைக்காற்று வறண்டது, தாகம் தெரியாமலே உடம்பில் நீர் குறையும். நம் பெரியவர்கள் வழியில் கழிப்பறை இருக்காதோ என்று பயந்து தண்ணீரே குடிக்கமாட்டார்கள். பார்வையாளர் மையத்திலும் பம்பஸ் ஹெல் பார்க்கிங்கிலும் கழிப்பறை இருக்கிறது என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள், அப்போதுதான் குடிப்பார்கள். என் மாமியார் விஷயத்தில் இந்த ஒரு வாக்கியம்தான் பெரிய உதவி செய்தது.

தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் எது வந்தாலும் "கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகும்" என்று அங்கேயே இருக்கவேண்டாம். காரில் ஏறிக் கீழே இறங்குங்கள். மலைநோய்க்கு முதல் மருந்து இறங்குவதுதான். யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் ஆவி அடிக்கும் பக்கம் நிற்காமல், காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து வரும்படி நில்லுங்கள். கையில் இன்ஹேலர் இருக்கட்டும், காரில் வேண்டாம்.

வழிப்போக்கன்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மலைச்சாரல் அக்கா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். டெவஸ்டேட்டட் ஏரியா பற்றிக் கேட்டதும் அவர் குரலே மாறிவிட்டது. அம்மாவும் "அமிலம் என்றால் வேண்டாம்ப்பா" என்று ஒத்துக்கொண்டார். ஆனாலும் அவர் ஆசை மனதை உறுத்துகிறது. அந்தப் பக்கத்தில் குளிக்கிற மாதிரி வெந்நீர் எங்கேயுமே இல்லையா?

இன்னொன்று, பூங்காவின் தெற்கில் வார்னர் பள்ளத்தாக்கு என்று ஓர் இடத்தில் பெரிய வெந்நீர் ஏரி இருப்பதாக வரைபடத்தில் தெரிகிறது. அதையும் சேர்த்துக்கொள்ளலாமா? காட்டுத்தீயைப் பற்றியும் ஒருவர் எச்சரித்தார்.

மலைச்சாரல்:

அம்மாவுக்கு உள்ள ஒரே வழியும் அந்த வார்னர் பள்ளத்தாக்கில்தான். அங்கே டிரேக்ஸ்பாட் என்ற பழைய விடுதி இருக்கிறது. ஊற்றுநீரைக் கொண்டுவந்து, குளிக்கும் சூட்டுக்கு ஆற்றி நிரப்பும் நீச்சல்குளம் அவர்களிடம் உண்டு. அங்கே தங்குகிறவர்களுக்கான குளம் அது. 2021 டிக்ஸி காட்டுத்தீக்குப் பிறகு விடுதி மூடிக் கிடந்தது. உங்கள் தேதியில் இடம் கிடைக்கிறதா என்று விடுதியிலேயே கேட்டுவிட்டு, அதன் பிறகு அம்மாவிடம் சொல்லுங்கள். இன்னொரு முறை ஆசை காட்டி ஏமாற்றவேண்டாம்.

நீங்கள் வரைபடத்தில் பார்த்தது பாய்லிங் ஸ்பிரிங்ஸ் ஏரி. பெயரில் கொதிப்பு இருந்தாலும் ஏரி மொத்தமும் கொதிப்பதில்லை, 52 டிகிரி செல்சியஸ் போல இருக்கும். அந்தச் சூட்டுக்கே தோல் வெந்துவிடும். போக வர மூன்று மைல் நடை. பூங்காவின் முக்கியச் சாலையிலிருந்து அங்கே போகமுடியாது, செஸ்டர் வழியாகத் தனியாகப் போகவேண்டும், கடைசி சில மைல் மண்சாலை. டிரேக்ஸ்பாட்டில் தங்கினால் பாருங்கள், இல்லையென்றால் இந்த முறை விட்டுவிடுங்கள். ஒரே நாளில் இரண்டு பக்கமும் ஓடினால் அப்பா எதையும் நின்று பார்க்கமுடியாது.

டிக்ஸி தீ பூங்காவின் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் பரவியது. கிழக்குப் பக்கமும் வார்னர் பக்கமும் கருகிய மரங்கள் நிறையத் தெரியும். எனக்கு இன்றும் பார்க்க வலிக்கிற காட்சி. ஆனால் சாலையோரத்தின் பெரும்பகுதியும் மான்சனிட்டா ஏரிப் பக்கமும் பச்சையாகத்தான் இருக்கின்றன. ஆகஸ்டில் புகை வரலாம், வராமலும் போகலாம். கிளம்பும் நாள் காலை காற்றின் தர எண்ணைப் பாருங்கள். மோசமாக இருந்தால் அம்மாவை அந்த உயரத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். பனி அதிகம் விழுந்த வருடங்களில் பம்பஸ் ஹெல் பாதை ஜூலை வரைகூட மூடியிருக்கும், ஆகஸ்டில் அந்தக் கவலை குறைவு. ஆனாலும் ஓரங்களில் மிஞ்சிய பனித்திட்டின் மேல் பையன் ஏறி விளையாட வேண்டாம். கீழே ஆவி உருக்கி வெற்றிடமாக்கி வைத்திருக்கலாம்.

வழி: ஐ-5 சாலையில் ரெட் ப்ளஃப் வரை வந்து, 36 ஆம் சாலையில் கிழக்கே திரும்புங்கள். அன்று செஸ்டரில் தங்குங்கள். மறுநாள் காலை தென்மேற்கு வாசல். காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு எடுத்துப்போங்கள். பார்வையாளர் மையம், சல்ஃபர் வொர்க்ஸ், பிறகு வெயில் ஏறும் முன் பம்பஸ் ஹெல். பத்து மணிக்கு மேல் அந்த பார்க்கிங் நிரம்பிவிடும். ஹெலன் ஏரிக்கரையில் மதியச் சாப்பாடு. 1864 இல் லாசன் சிகரம் ஏறிய ஹெலன் பிராட் நினைவாக வைத்த பெயர் அது. நீலம் என்றால் அப்படி ஒரு நீலம்.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் தெம்பிருந்தால் கிங்ஸ் க்ரீக் பக்கமிருந்து முக்கால் மைல் போல நடந்து கோல்ட் பாய்லிங் ஏரிக்குப் போகலாம். குளிர்ந்த தண்ணீர், ஆனால் அடியிலிருந்து வாயு வந்து கொதிப்பது மாதிரியே குமிழி விடும். ஆறு வயதுப் பையனுக்கு அதுதான் பிடிக்கும், அப்பாவுக்கு விளக்கவும் விஷயம் கிடைக்கும். பிறகு வடக்கே இறங்குங்கள். மான்சனிட்டா ஏரியில் இரவு தங்கி, லூமிஸ் அருங்காட்சியகத்தையும் அந்தப் பாறைகளையும் மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வழியில் டெவஸ்டேட்டட் ஏரியாவில் நிற்கத் தோன்றும், நிற்காமல் வந்துவிடுங்கள். மறுநாள் மான்சனிட்டா ஏரியிலிருந்து அங்கே திரும்பிப் போவது பத்து மைல் போலத்தான்.

தேன்சிட்டு:

ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். உள்ளே பெரும்பாலான இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவின் மாத்திரைப் பட்டியலைத் தாளில் எழுதிப் பையில் போடுங்கள். ரெட் ப்ளஃப்பிலோ செஸ்டரிலோ பெட்ரோல் நிரப்பிவிடுங்கள். உள்ளே மான்சனிட்டா ஏரிக் கடையில் மட்டும்தான் சீசனில் கிடைக்கும், அது நீங்கள் நுழையும் வாசலுக்கு மறுகோடி.

வழிப்போக்கன்:

குறித்துக்கொண்டேன். செஸ்டரில் அறை போட்டாயிற்று, டிரேக்ஸ்பாட்டுக்கும் எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே சொல்கிறேன்.